தொட்டில் குடாவின் கிலுகிலுப்பை

டெல்ஃபின் தூண்டில் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டாள். ரப்பர் புழுக்கள் இருந்தன. மிதக்கும் தவளை இருந்தது. மினுக்கும் தகடு இருந்தது. சிவப்பனை மட்டும் காணோம்.

மீனை ஏமாற்றத் தூண்டிலில் கட்டும் அவளுடைய பொய்மீன்களிலேயே செல்லமானது சிவப்பன். விரல் நீளம், மிளகாய்ப்பழ நிறம், வயிற்றுக்குள் ஒரு பெரிய இரும்புக் குண்டும் சில குட்டிக் குண்டுகளும். இழுத்தால் தண்ணீருக்கடியில் சத்தம் போடும். அதைக் கேட்டதும் பாஸ் என்னும் ஏரிமீன்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், பாய்ந்து கடிக்கும். அதன் ஒரு கண் உதிர்ந்துபோயிருந்தது. அந்த இடத்தில் டெல்ஃபின் அம்மாவின் நகப்பூச்சால் ஊதாக் கண் வைத்திருந்தாள்.

"ஏமஸ், என் சிவப்பனப் பாத்தியா?"

மாமா மகன் ஏமஸ் படகின் முன்பக்கம் உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே நன்றாகக் கட்டியிருந்த கயிறு அது.

"நானா? நான் ஏன் பாக்கப்போறேன்?"

"சும்மாதான் கேட்டேன். அதுக்கு ஏன் காது செவக்குது?"

"குளிரு!"

குளிர் என்னவோ உண்மைதான். மார்ச் மாதக் காலை. ஏரி முழுக்க மூடுபனி. பள்ளிப் பிள்ளைகளுக்கான மீன்பிடிப் போட்டி, முப்பத்தெட்டுப் படகுகள். பனி கொஞ்சம் கலையட்டும் என்று எல்லோரையும் ஒரு மணி நேரம் கரையிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு படகில் இரண்டு பிள்ளைகள், படகை ஓட்ட ஒரு பெரியவர். மொத்தம் ஐந்து மீன்களை உயிரோடு கொண்டுவந்து எடை போடவேண்டும். முதல் பத்து இடங்களுக்குள் வந்தால் மாநிலப் போட்டி. போன வருடம் டெல்ஃபினும் ஏமஸும் பதினொன்றாவது. அந்தப் பதினொன்றை நினைத்தால் டெல்ஃபினுக்கு இப்போதும் வயிறு எரியும்.

அவர்கள் படகை ஓட்டியது டெல்ஃபினின் அம்மா லோரீன். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்கிவிடுவார். ஆனால் இன்று அவருக்குத்தான் வாய்ப்பூட்டு. எந்த இடத்தில் போடலாம், எந்தப் பொய்மீனைக் கட்டலாம் என்று படகு ஓட்டுபவர் ஒரு வார்த்தை சொன்னாலும் மீன் கணக்கில் வராது. அதற்காகவே அம்மா ஒரு பை நிறைய அவித்த நிலக்கடலை கொண்டுவந்திருந்தார். நாக்கு துடிக்கும்போதெல்லாம் வாயில் போட்டுக்கொள்ளலாம்.

பத்து மணிக்குள் பாதிப் பை காலி.

அதற்குள் பிள்ளைகள் நான்கு மீன் பிடித்துவிட்டார்கள். மிதக்கும் தவளையை ஒன்றும் சீண்டவில்லை. தண்ணீர் இன்னும் குளிர்ந்துதான் கிடக்கிறது, மீன்கள் மேலே வராது என்று டெல்ஃபின் சொன்னாள். ரப்பர் புழுவுக்கு ஈயக்குண்டு கட்டி, பாறை ஓரமாக மெதுவாக, மிக மெதுவாக நகர்த்தினாள். நான்கு மீன்கள் மாட்டின. எல்லாம் சராசரி மீன்கள். அப்புறம் ஒன்றும் இல்லை.

"அஞ்சாவது வேணும். பெருசா வேணும். தொட்டில் குடாவுக்குப் போலாம்" என்றாள்.

ஏமஸ் சட்டென்று திரும்பினான். "அங்கயா? வேண்டாம் டெல்."

"ஏன்டா? நம்ம கிறிஸ்துமஸ் மரமெல்லாம் அங்கதான கெடக்கு?"

பண்டிகை முடிந்ததும் அந்த ஊரில் மரத்தைத் தூக்கிக் குப்பையில் போடமாட்டார்கள். ஜனவரியில் சிமெண்டுக் கல்லைக் கட்டி ஏரியில் இறக்குவார்கள். கிளைகளுக்குள் சின்ன மீன் ஒளியும். சின்ன மீனைத் தேடிப் பாஸ் வரும். எந்த வீட்டு மரம் எங்கே கிடக்கிறது என்பது அந்தந்த வீட்டு ரகசியம். டெல்ஃபின் வீட்டு மூன்று மரங்கள் தொட்டில் குடாவில் கிடந்தன.

குடாவின் வாசலில் ஒரு படகு உள்ளேயிருந்து விரைந்து வந்து அவர்களைத் தாண்டியது. அதிலிருந்தவள் ட்ரூடி, டெல்ஃபினுடைய வகுப்பு. முகம் வெளுத்திருந்தது.

"உள்ள போகாதீங்க! கிலுகிலுப்ப ஆடுது! நாங்க ரெண்டு தடவ கேட்டோம்!" என்று கத்திக்கொண்டே பனிக்குள் மறைந்துபோனாள்.

ஏமஸ் டெல்ஃபினைப் பார்த்தான். டெல்ஃபின் தண்ணீரைப் பார்த்தாள்.

அந்தக் கதை தெரியாத பிள்ளை அங்கே யாரும் இல்லை. அணை கட்டியபோது முழுகிப்போன ஊர் ஒன்று அடியில் கிடக்கிறது. கடைசியாகக் கிளம்பிய குடும்பம் கட்டில், தொட்டில், கோழிக்கூண்டு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டது. குழந்தையின் கிலுகிலுப்பையை மட்டும் ஜன்னலில் மறந்துவிட்டது. அது இன்னும் குழந்தையைத் தேடிக்கொண்டிருக்கிறதாம். சத்தம் கேட்டுத் தண்ணீரில் கை விட்டால், எந்தக் கையாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளுமாம்.

"வெறும் கதைடா" என்றாள் டெல்ஃபின். குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது.

அம்மா பெரிய மோட்டாரை அணைத்துவிட்டுச் சின்ன மின்மோட்டாரைப் போட்டார். படகு ஓசையில்லாமல் உள்ளே போனது. பனி அங்கே இன்னும் கெட்டியாக இருந்தது. பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்கு மேலே கறுப்பாக நின்றன. அவற்றுக்கு நடுவே, முழுகிப்போன வீட்டின் புகைபோக்கி தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

அப்போது கேட்டது.

கிலுகிலுகிலு.

ஏமஸ் டெல்ஃபினின் கையைப் பிடித்துக்கொண்டான். அம்மா வாயில் போட்ட கடலையை மெல்லவில்லை.

"காத்து" என்றான் ஏமஸ் நடுங்கிக்கொண்டே.

"காத்தே இல்லயேடா."

காற்று இல்லைதான். ஓர் இலை அசையவில்லை, ஓர் அலை இல்லை. ஆனால் புகைபோக்கிக்குப் பக்கத்திலிருந்த பட்டமரத்தில் ஒரே ஒரு கிளை மட்டும் மெதுவாகக் குனிந்தது. நிமிர்ந்தது. மறுபடி குனிந்தது. இங்கே வா என்று யாரோ விரலை மடக்கிக் கூப்பிடுவதுபோல் இருந்தது.

கிலுகிலுகிலு.

"அத்தை, போயிரலாம்! அத்தை!" ஏமஸுக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மாவின் கை மோட்டார் பிடியில் இருந்தது. நாற்பத்திரண்டு பிள்ளைகளை அடக்குகிற அம்மாவுக்கே உதடு காய்ந்துபோயிருந்தது. "டெல்ஃபின், நீ சொல்லு. போகணும்னா இப்பவே போயிரலாம்" என்றார்.

போய்விடலாம் என்றுதான் டெல்ஃபினுக்கும் தோன்றியது. ஆனால் போனால் மறுபடியும் பதினொன்றாவது. அதுவும் தவிர, அந்தச் சத்தத்தில் ஏதோ ஒன்று அவளுக்குப் பழக்கமாக இருந்தது. கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

டொக். கிலுகிலுகிலு.

முதலில் ஒரு 'டொக்'. ஒரு பெரிய குண்டு மோதுகிற சத்தம். அப்புறம்தான் சின்னக் குண்டுகள். ஒவ்வொரு முறையும் கிளை குனிந்த பிறகுதான் சத்தம் வந்தது. எத்தனையோ முறை காதருகே வைத்து ஆட்டிக் கேட்ட சத்தம் அல்லவா அது.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஏமஸ், நேத்து சாயங்காலம் நீ எங்க போயிருந்த?"

ஏமஸின் காது மறுபடி சிவந்தது. இந்த முறை குளிர் மேல் பழி போட அவனுக்குத் தெம்பு இல்லை.

"இங்கதான். அப்பாகூட, சும்மா பழகிப் பாக்க. உன் சிவப்பன ஒரே ஒரு தடவ கட்டிப் பாக்கலாம்னு எடுத்தேன். பெரிய மீனு மாட்டுச்சு டெல்! மரத்தச் சுத்திப் போயிருச்சு. இழுத்தேன். தூண்டில் நரம்பு அறுந்துருச்சு. சொன்னா நீ கொன்னுருவேன்னு..."

"நரம்பத் தடவிப் பாத்தியா?"

"இல்ல."

ஒவ்வொரு மீன் பிடித்த பிறகும், நரம்பின் கடைசி ஒரு முழத்தை விரலால் தடவிப் பார்க்கவேண்டும். சொரசொரப்பாக இருந்தால் வெட்டிவிட்டுப் புது முடிச்சுப் போடவேண்டும். அந்த வீட்டில் பல் தேய்க்கச் சொல்வதைவிட அதிகமாகச் சொல்லப்படுவது இதுதான்.

"அப்போ அந்த மீன் இன்னும் அங்க கட்டிக்கெடக்கு. ராத்திரி பூரா கெடந்துருக்கு. அம்மா, கிட்டப் போங்க" என்றாள் டெல்ஃபின்.

படகு கிளைக்கு அடியில் போய் நின்றது. கிளையில் நரம்பு தாறுமாறாகச் சுற்றியிருந்தது. அங்கிருந்து அது நேராகக் கறுப்புத் தண்ணீருக்குள் இறங்கியது. கீழே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. நரம்பை இழுத்தால் மறுபடி அறுந்துவிடும். கையைத்தான் விடவேண்டும்.

டெல்ஃபின் சட்டைக் கையைச் சுருட்டினாள். மீன்தான், மீன்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவள் கை அதை நம்பவில்லை; நீர்மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. அடியில் இருந்த வீடு நினைவுக்கு வந்தது. ஜன்னல் நினைவுக்கு வந்தது. ஏமஸ் பின்னாலிருந்து அவள் இடுப்புப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நான் புடிச்சிருக்கேன். எது இழுத்தாலும் விடமாட்டேன்" என்றான். அவன் பல் தந்தியடித்தது.

டெல்ஃபின் முழங்கை வரை கையை விட்டாள். தண்ணீர் பனிக்கட்டிபோல் இருந்தது. நரம்பைத் தொட்டுக்கொண்டே கீழே போனாள். இன்னும் கீழே.

ஏதோ ஒன்று அவள் கையைப் பிடித்து இழுத்தது.

"அம்மா!"

ஏமஸ் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். ஆனால் பிடியை விடவில்லை. டெல்ஃபினின் விரல்கள் வழவழப்பான ஒரு தாடையைப் பற்றின. மேலே வந்தது ஒரு பாஸ். பூனைக்குட்டியை விழுங்கிவிடும்போல அகன்ற வாய். அந்த வாயின் ஓரத்தில், ஊதாக் கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டு சிவப்பன்.

மீன் தலையை உதறியது. டொக். கிலுகிலுகிலு.

ஏமஸ் கண்ணைத் திறந்தான். பயம் போன இடம் தெரியவில்லை.

"டெல்! மூணு கிலோவுக்கு மேல இருக்கும்! மீன்தொட்டியில போடு! ஜெயிச்சோம்!"

"இது நேத்து மாட்டுன மீனு. நேத்து போட்டி இல்ல."

"யாருக்குத் தெரியும்?"

டெல்ஃபின் மீனைப் பார்த்தாள். தப்பிக்கப் பார்த்துப் பார்த்து அதன் வால் ஓரம் கிழிந்திருந்தது. செவுள் மெதுவாகத் திறந்து மூடியது.

"இதுக்குத் தெரியும்" என்றாள். "இடுக்கிய எடு."

சிவப்பனின் இரண்டு முள்ளையும் கழற்ற வெகுநேரம் பிடித்தது. பிறகு மீனை நிமிர்த்தி, அது தானாக மூச்சு விடும்வரை தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டாள். ஏமஸ் மரத்தில் ஏறி, சுற்றியிருந்த நரம்பு முழுவதையும் பிரித்தெடுத்தான். மீன் வாலை ஒருமுறை அசைத்தது. இரண்டு முறை அசைத்தது. பிறகு அவள் கையில் தண்ணீர் மட்டுமே இருந்தது.

"மன்னிச்சிரு டெல்" என்றான் ஏமஸ், மரத்திலிருந்தே.

"எறங்கு மொதல்ல. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு."

சத்தத்துக்குப் பயந்து காலையிலிருந்து எந்தப் படகும் இங்கே நிற்கவில்லை. அப்படியென்றால் மீன்கள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. இங்குள்ள மீன் சிவப்பைக் கடிக்கும் என்பதும் தெரிந்துவிட்டது. ஆனால் சிவப்பனின் முட்கள் மரத்தில் பட்டால் மாட்டிக்கொள்ளும். மரத்துக்குள் போடாமல், மரத்தின் ஓரமாகப் போட்டு, அடிவரை இறக்கி, தூக்கித் தூக்கி விட்டால்?

அவள் தன் நரம்பில் சிவப்பனைக் கட்டித் தூண்டில் கோலை ஓங்கினாள். பின்னால் அம்மா ஒரு கை கடலையை ஒரே வாயில் திணித்துக்கொண்டார்.

டெல்ஃபின் நின்றாள். கோலைத் தாழ்த்தி, நரம்பின் கடைசி முழத்தைத் தடவினாள். சொரசொரவென்றிருந்தது. வெட்டிவிட்டுப் புது முடிச்சுப் போட்டாள். அம்மாவிடமிருந்து பெருமூச்சும் இரண்டு கடலையும் வெளியே வந்தன.

ஐந்தாவது மீன் ஏழாவது வீச்சில் மாட்டியது. விட்ட மீன் அளவுக்குப் பெரியது இல்லை. ஆனாலும் கைவலையைப் பிடித்திருந்த ஏமஸ் குதித்த குதியில் படகே ஆடியது. டெல்ஃபின் சிவப்பனைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அவ்வளவுதான், அம்மா பெரிய மோட்டாரை முறுக்கினார். ஏமஸின் தொப்பி பறந்தது. அதை எடுக்கக்கூட அம்மா நிறுத்தவில்லை.

எடை மேடையில் அவர்களுக்கு ஒன்பதாவது இடம். டெல்ஃபின் பலகையில் எழுதியிருந்ததை மூன்று முறை படித்தாள். ஒன்பதுதான்.

"போட்டி முடிஞ்சிருச்சுல்ல? இப்ப நான் பேசலாமா?" என்றார் அம்மா.

"பேசுங்கம்மா."

"அந்த மீன விட்டது ரொம்ப சரி. முடிச்சு மாத்துனதும் சரி. மரத்துல ஏறுன கழுதைக்குத் தொப்பி நான் வாங்கித் தர்றேன்." அம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. நீ சிவப்பனப் பெட்டியில வெச்சு மூடுனல்ல?"

"ஆமா."

"அதுக்கப்புறமும் அந்தக் கிலுகிலு சத்தம் ஒரு தடவ கேட்டுச்சு. பொகபோக்கிக்குள்ள இருந்து. அதான் அப்பிடி ஓட்டுனேன்."

ஏமஸ் மெல்ல நகர்ந்து அத்தையை ஒட்டி நின்றுகொண்டான். டெல்ஃபின் பெட்டியைத் திறந்து துண்டை விலக்கினாள். சிவப்பன் ஊதாக் கண்ணோடு அசையாமல் படுத்திருந்தான். அவள் பெட்டியை மூடிக் கொக்கியைப் போட்டாள்.

"மாநிலப் போட்டி எந்த ஏரியிலம்மா?"

"வேற ஏரி."

"அப்பாடா" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அம்மா மிச்சமிருந்த கடலையை மூன்றாகப் பங்கு வைத்தார்.