நறுக்கி எடுத்த மூச்சு

இரண்டாம் சரணம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு மூச்சு கேட்டது.

கீபோர்டுக்காரர் தலையைத் தூக்கினார். நிகழ்ச்சி ஆறு மணிக்கு. ஜன்னலே இல்லாத அந்த ஓட்டல் ஹாலில் மதியம் மூன்றுக்கே விளக்குப் போட்டாக வேண்டும். ஈரக் கம்பளமும் பினாயிலும் சேர்ந்து நாறிய குளிரில், லேப்டாப்பிலிருந்து வயலினும் புல்லாங்குழலும் புறப்பட்டு வந்துகொண்டிருந்தன. ஆள் வைத்துக் கட்டுபடியாகாத வாத்தியமெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் குடியிருந்தது. கூடவே, இரண்டாம் குரலாக, அவருடைய மனைவி. செத்து ஏழு மாதமான மனைவி.

அவள் குரல் கேட்டதில் அதிசயமில்லை; தினமும் கேட்பதுதான். மூச்சுதான் கேட்கக் கூடாது. அதை அவரே வெட்டி எறிந்திருந்தார்.

நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்த நாட்களில், "நான் ஏற முடியாட்டி என்ன, என் குரலாவது மேடை ஏறட்டும்" என்று அவள்தான் சொன்னாள். சமையலறையில் உட்காரவைத்துப் பதிவு செய்தார். ஒரு வரி பாடுவாள். அடுத்த வரிக்குள் கிழிந்த துருத்தி மாதிரி இழுப்பாள். மூன்று நாள் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல, ஒவ்வொரு இழுப்பையும் நறுக்கி எடுத்தார். கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். "நல்லாத்தான் இருக்கு. மூச்சே விடாம பாடுறவ யாருங்க, உங்க ரெண்டாம் சம்சாரமா?"

"கேட்டுச்சாய்யா?" என்றார் இப்போது.

டிரம்ஸ் வாசித்தே தகரம் என்று பட்டப்பேர் வாங்கியவன், இருபது வருஷக் கூட்டாளி, குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டான். "ஏசி சத்தம்யா. இடுப்பு போச்சு, கண்ணு போச்சு, காதுமா?"

மச்சினி சிரிக்கவில்லை. அக்காள் நின்ற இடத்தில் நின்று இப்போது பாடுகிறவள் அவள். "எனக்கும் கேட்டுது மாமா. கழுத்துகிட்ட."

பாட்டைப் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓடவிட்டார். திரையில் அவள் குரல் மேடும் பள்ளமுமாகப் போய், வெட்டிய இடங்களில் நூல் பிடித்த மாதிரி நேர்கோடாகக் கிடந்தது. கோட்டில் ஒன்றுமில்லை. ஆனால் ஸ்பீக்கரில் இருந்தது. முன்னைவிடத் தெளிவாக. ஒரு வரி, ஒரு இழுப்பு. ஒரு வரி, ஒரு இழுப்பு.

"மாமா, அக்காவை எடுத்துடுங்க. நான் ஒருத்தியே பாடிக்கிறேன்."

"எடுத்துட்டா?"

"எடுத்துட்டா என்ன மாமா?"

"எனக்கு வேற எங்க இருக்காம்மா அவ?"



மற்ற வாத்தியங்களை ஒவ்வொன்றாக அடைத்தார். அவள் மட்டும் மிஞ்சினாள். பாட்டு முடிந்தது, திரையில் வெற்றுக் கோடு மட்டும் ஓடியது. மூச்சு தீரவில்லை. வந்தது. நின்றது. வெகுநேரம் கழித்து மறுபடி வந்தது. அந்தக் கணக்கு அவருக்குப் புரிந்தது.

அவள் செத்த அன்று மாலை, ஆஸ்பத்திரிப் படுக்கையில், "இன்னைக்கு ஒருநாள் போகாதீங்களேன்" என்று அவள் கையைப் பிடித்தாள். "நாலே பாட்டு, ஓடி வந்துடுறேன்" என்றார். கூட்டம் கேட்டுக்கொண்டதில் நாலு பாட்டு ஒன்பதாயிற்று. பெட்டிக்குள் அவள் மூச்சே விடாமல் பாடிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது படுக்கையில் புது விரிப்புப் போட்டிருந்தார்கள். "கடைசியில இடைவெளி நீண்டுக்கிட்டே போச்சுங்க" என்றாள் நர்ஸ். "வாசலையேதான் பார்த்துட்டிருந்தாங்க."

அவர் தவறவிட்டது அதுதான். இப்போது வந்துகொண்டிருந்தது அதுதான்.

இழுப்பு. எட்டு எண்ணினார். இழுப்பு. பதினைந்து.

"நிறுத்துய்யா" என்றான் தகரம். குரலில் கேலி போயிருந்தது.

நிறுத்தினால் மறுபடி விட்டுவிட்டுப் போனதாகும். ஓடவிட்டால் முடிந்துவிடும். இருபத்திரண்டு எண்ணும்போது ஒன்று வந்தது, மெல்லிசாக, தொண்டைக்குழியிலிருந்து. இதற்கப்புறம் இல்லை. அவருக்குத் தெரிந்தது. கை தானாகப் போயிற்று. மேடைக்கு வர வேண்டியவர் தாமதித்தால் வாத்தியக்காரர்கள் செய்வது ஒன்று உண்டு: கடைசித் துண்டை மட்டும் வளைத்துப் பிடித்து, திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு நேரம் கடத்துவார்கள். அந்த வெற்றுக் கோட்டில் இரண்டு விநாடியை வளைத்தார். சுற்றவிட்டார்.

வந்தது. மறுபடி வந்தது. மறுபடி.

"இருக்கா" என்றார். கண்ணில் நீர் கொட்டியது. "பாரும்மா, உங்கக்கா இருக்கா. நான் பக்கத்துலதான் இருக்கேன்டி. எங்கேயும் போகலை."

"மாமா..." மச்சினி தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "உள்ளதான் இழுக்கறா. வெளிய விடலையே."

அவர் வளைத்தது இழுப்பை மட்டும்தான். விடும் பாதி வெளியே நின்றுவிட்டது.

இழுத்தாள். அதன்மேல் இழுத்தாள். அதன்மேலும்.

அவர் விரல் நிறுத்தும் பொத்தானை அழுத்தியது. நிற்கவில்லை. தகரம் பாய்ந்து மின்கம்பியைப் பிடுங்கினான். மூடியை அறைந்து சாத்தினார்கள். விளக்கெல்லாம் அணைந்த ஸ்பீக்கர்களில் கறுப்புக் கூம்புகள் இரண்டும் உள்வாங்கின, பல் போன கன்னம்போல. இன்னும் உள்ளே. கூம்புக் காகிதம் விரிசல் விட்டது. கடைசி வரிசை நாற்காலிகள் கம்பளத்தில் உரசிக்கொண்டு மேடையை நோக்கி நகரத் தொடங்கின.

இழுத்தாள்.

விடவில்லை.