உறிஞ்சான் பாட்டில் ஓர் அதட்டல்

ரிமோட் மேடைக்குப் பின்னாலிருந்த படிக்கட்டில் ஓடினாள்.

ஓடினாள் என்று சொல்வது சரியில்லை. உடம்பைச் சுற்றி ஓர் அட்டைப் பெட்டி. முதுகில் வாஷிங் மெஷின் குழாய். அந்தக் கோலத்தில் யாராலும் ஓட முடியாது. உருண்டாள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

"வழி விடுங்க! கொஞ்சம் வழி விடுங்க!"

அவள் கையில் டான்ஸ் டீச்சரின் போன். போனில் கறுப்புத் திரை. திரை நடுவே ஒரே ஒரு வரி.

'இந்த வீடியோ இப்போது கிடைக்காது.'

மேடையில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மேஜிக் காட்டிக்கொண்டிருந்தான். தொப்பிக்குள் போன கைக்குட்டை வெளியே வர மறுத்தது. அவன் இழுத்தான், உதறினான், தொப்பிக்குள்ளேயே தலையை விட்டுப் பார்த்தான்.

'வராதே, கைக்குட்டையே! இன்னும் கொஞ்ச நேரம் வந்துடாதே!' என்று ரிமோட் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள்.

அது வெளியே வந்துவிட்டால் அடுத்து அவர்கள் ஆட்டம்தான். ஆட்டத்துக்குப் பாட்டு இல்லை!

அவளுக்கு ரிமோட் என்று பெயர் வைத்தவர் மாமா. வீட்டில் யார் எதைப் பார்க்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் அவளே முடிவு செய்வதால் வந்த பெயர்.

மாமா செல்போன் ரிப்பேர் கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவருக்கு வேறு வேலை. ஒரு காலத்தில் டிவியில் வந்து, பிறகு எல்லாரும் மறந்துபோன வேடிக்கைப் பாட்டுகளைத் தேடிப் பிடித்து, இணையத்தில் தன் சேனலில் ஏற்றுவார். பக்கத்தில் நாற்காலி போட்டு ரிமோட்டும் உட்கார்ந்துகொள்வாள்.

வானிலை அறிக்கை வாசித்த பொம்மை வாத்து ஒரு கேசட் முழுக்கப் பாடியிருக்கிறது. பல் தேய்க்கக் கற்றுக்கொடுத்த முதலை, தன் பல்வலியைப் பற்றி ஒரு சோகப் பாட்டு பாடியிருக்கிறது.

"இதையெல்லாம் யாரு மாமா காசு குடுத்து வாங்கினாங்க?"

"யாரா? நான்தான்!"

எல்லாப் பாட்டுக்கும் ராஜா உறிஞ்சான் பாட்டு.

மாமா சின்னப் பையனாக இருந்தபோது வந்த விண்வெளித் தொடர் ஒன்றின் வில்லன் உறிஞ்சான். உலகத்தையே உறிஞ்சிவிடத் துடித்த ஒரு வேக்குவம் கிளீனர். கதாநாயகனைவிட வில்லனைத்தான் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. தொடர் முடிந்ததும் உறிஞ்சானைத் தனியாக ஒரு நிகழ்ச்சியில் நிறுத்திப் பாட விட்டுவிட்டார்கள்.

"தூசியே, என் தூசியே,
சோபா அடியில் ஒளியாதே!
நீ இல்லாத வீட்டிலே
நான் எதற்கு, சொல்வாயே!"

பாட்டின் நடுவில் யாரோ பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். 'டொய்ங்ங்…' என்று உறிஞ்சானின் உயிர் இறங்கும். பிறகு முழு அமைதி.

மாமாவின் பதிவில் மட்டும் அந்த அமைதிக்குள் ஒரு குரல் பாயும்.

"டேய்! கதவச் சாத்துடா!"

டேப் ரெக்கார்டரை டிவிக்குப் பக்கத்தில் வைத்து மாமா பதிவு செய்த பாட்டு அது. வீட்டில் யாரும் மூச்சுகூட விடக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தாராம். அதையும் மீறி ஒரு பெண்பிள்ளையின் குரல் புகுந்துவிட்டது. கண்ணாடி டம்ளர் விரிசல் விடுகிற மாதிரி ஒரு குரல். அதைக் கேட்டுப் பயந்தவன் போல, அடுத்த நொடியே உறிஞ்சான் 'டர்ர்ர்ர்' என்று எழுந்து மீண்டும் பாடத் தொடங்குவான்.

இணையத்தில் அதற்கென்றே ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

'உறிஞ்சானையே நடுங்க வைத்த அக்கா யார்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'கதவு வழியாக அப்படி என்னதான் வந்தது?' என்று இன்னொருவர். நாய் என்றார்கள். மழை என்றார்கள். பக்கத்து வீட்டு வேக்குவம் கிளீனர் என்று ஒருவர் அடித்துச் சொன்னார்.

"அது யாரு மாமா?" என்று ரிமோட் கேட்காத வாரமில்லை.

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் கண்ணு. ஆனா தப்பு என்னுதுதான். பெரிய ஒலிப்பதிவுக்காரன் மாதிரி எல்லாம் தயார் பண்ணிட்டு, கதவ மறந்துட்டேன் பாரு!"

இந்தப் பாட்டுக்குத்தான் பள்ளி ஆண்டு விழாவில் ரிமோட்டின் வகுப்பு ஆடப்போகிறது. ரிமோட்தான் உறிஞ்சான். பொத்தான்தான் தூசி.

பொத்தான் வகுப்பிலேயே குட்டிப் பையன். மேடை என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொள்வான். அவனை ரிமோட் ஆட்டத்துக்குச் சேர்த்ததே பெரிய கதை. "அந்த அக்கா கத்தினதும் எனக்குக் காலு தானா குதிக்குது" என்று அவனே சொன்ன பிறகுதான், அதட்டல் கேட்டதும் தூசி துள்ளி எழும் காட்சியை டீச்சர் வைத்தார். மற்ற பிள்ளைகள் அவனைப் பார்த்துத்தான் ஆட வேண்டும். பொத்தானின் அப்பா பேருந்து நடத்துநர். மகன் மேடை ஏறுகிறான் என்று லீவு போட்டுவிட்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வீடியோ இல்லை என்று தெரிந்த நிமிடமே, பொத்தான் ஒப்பனை அறையில் மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டான்.

ரிமோட் மூன்றாவது வரிசையை எட்டினாள். மாமாவும் அம்மாவும் அங்கே இருந்தார்கள்.

"மாமா! உறிஞ்சான் எங்க?"

"நீதானே உறிஞ்சான்?"

"விளையாடாதீங்க மாமா! வீடியோ எங்க?"

மாமா போனை வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"போச்சுடா! அந்தத் தொடர் எடுத்த கம்பெனியே பாட்டையெல்லாம் புதுசா ஏத்துறாங்களாம். பழசெல்லாம் போயிடும்னு காலையில மெயில் வந்துச்சு. அப்புறம் படிச்சுக்கலாம்னு விட்டுட்டேன்."

"உங்ககிட்ட இன்னொண்ணு இருக்குமே?"

"இருக்கு. கடை கம்ப்யூட்டர்ல."

"கடை?"

"பூட்டிட்டு வந்திருக்கேன். போய் எடுத்துட்டு வரதுக்குள்ள இங்க நாற்காலியெல்லாம் மடக்கிடுவாங்க."

அம்மா ஏதோ சொன்னாள். ரிமோட் காதைக் கிட்டே கொண்டுபோனாள். அம்மாவுக்கு நூலகத்தில் வேலை. வீட்டிலும் கடைத்தெருவிலும்கூட நூலகத்தில் இருப்பது போலத்தான் பேசுவாள். அவள் 'தக்காளி' என்று சொன்னால், காய்கறிக்காரர் தராசுக்கு மேலே குனிந்து "என்னம்மா?" என்பார்.

"புதுசா ஏத்தினதைப் போட்டா ஆகாதா?" என்று அம்மா திரும்பக் கேட்டாள்.

"ஆகாதும்மா! அது சுத்தமான பாட்டு. அதுல அந்தக் கத்தல் இல்லையே! பொத்தான் ஆட மாட்டேங்கறான்!"

அம்மா மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள்.

"மாமா, கத்தினது யாருன்னாவது சொல்லுங்க. எங்க இருந்தாலும் இழுத்துட்டு வந்துடறேன்."

மாமா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். "சத்தியம், கண்ணு" என்றார் பாவமாக.

மேடையில் படபடவென்று கைதட்டல். கைக்குட்டை வெளியே வந்துவிட்டது!

ரிமோட் மறுபடியும் படிக்கட்டில் உருண்டாள்.

மேஜைக்கு அடியிலிருந்து பஞ்சு ஒட்டிய இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"நேரமாச்சு. தூசிக்கு வேற யாரையாவது விடலாமா?" என்றார் டீச்சர்.

"வேணாம் டீச்சர். பயிற்சி பண்ணினது அவன்தான். தூசி இல்லாம நான் எதை உறிஞ்சறது?"

ரிமோட் தரையில் படுக்கப் பார்த்தாள். பெட்டி விடவில்லை. கவிழ்ந்த ஆமை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"பொத்தான்."

"நான் வரல. அந்த அக்கா வருவாங்களா?"

'வருவாங்க' என்று சொன்னால் போதும். அவன் எழுந்து வந்துவிடுவான். ரிமோட்டுக்கு அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அங்கே மேடையில் குரல் வராமல் போனால்? அத்தனை பேர் முன்னால், அப்பா முன்னால், அவன் தனியாக நிற்பானே!

"இல்லடா. வர மாட்டாங்க" என்றாள்.

பஞ்சுக் கால்கள் இன்னும் உள்ளே போயின.

ரிமோட் யோசித்தாள். திரைச்சீலையின் இடுக்கு வழியே அரங்கம் தெரிந்தது. வரிசை வரிசையாகத் தலைகள். ஒவ்வொரு தலையிலும் ஒரு வாய். எல்லா வாயும் சும்மாதானே இருக்கிறது!

"டேய், அந்த அக்கா ஒரே ஒரு ஆள்தானே? வெளிய எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க தெரியுமா? அவங்க எல்லாரும் கத்தினா எப்படி இருக்கும்?"

"எல்லாருமா?"

"எல்லாரும். உங்கப்பாவும். ஆனா நீ கையத் தூக்கினாதான் கத்துவாங்க. நீ தூக்கற வரைக்கும் பாட்டு நிக்கும். அதை நிறுத்தி வைக்கறது டீச்சர் வேலை."

"நான் லேட்டா தூக்கினா?"

"பாட்டும் லேட்டா வரும். நீதான் முதலாளி."

பஞ்சுக் கால்கள் ஒருமுறை அசைந்தன. பிறகு பஞ்சு மூட்டை ஒன்று ஊர்ந்து வெளியே வந்தது.

"மூக்கு அரிக்குது" என்றான் பொத்தான்.

"சொறிஞ்சுக்கோ. முதலாளிக்கு இல்லாத உரிமையா!"

விளையாட்டு சாரிடமிருந்து மைக்கை வாங்கினாள் ரிமோட்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க பாட்டுல ஒரு குரல் காணாமப் போச்சு. நீங்கதான் தரணும். நடுவுல பாட்டு நிக்கும். இந்தத் தூசி கையத் தூக்கும். உடனே எல்லாரும், 'டேய், கதவச் சாத்துடா'ன்னு கத்துங்க. வீட்ல எங்களை அதட்டுவீங்கல்ல, அந்த மாதிரி!"

அரங்கம் சிரித்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டாள்.

கம்பெனி புதிதாக ஏற்றிய சுத்தமான பாட்டு தொடங்கியது. உறிஞ்சான் குழாயை ஆட்டி ஆட்டித் தூசியைத் தேடினான். சோபாவாக நின்ற இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் தூசி ஒளிந்தது. துடைப்பங்களாக வந்த பிள்ளைகள் சுழன்றார்கள். பாட்டில் யாரோ பிளக்கைப் பிடுங்க, 'டொய்ங்ங்…'

எல்லாரும் சிலையானார்கள். டீச்சர் பாட்டை நிறுத்தினார். பொத்தான் மேடை நடுவே வந்தான். கையைத் தூக்கினான்.

ஒரு சத்தமும் இல்லை.

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க கத்துங்க." "இல்லல்ல, முதல்ல நீங்க." யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவ்வளவுதான். பொத்தானின் அப்பா வாயைத் திறந்தார். பயணிகளை அதட்டியே பழகிய அவருக்கே, மகனின் முகத்தைப் பார்த்ததும் அதட்ட வரவில்லை.

பொத்தானின் கை மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது.

'ஐயோ, நானே கெடுத்துட்டேனே' என்று ரிமோட் மனதுக்குள் முனகினாள்.

அப்போது…

"டேய்ய்! கதவச் சாத்துடா!"

அதே குரல்! டம்ளர் விரிசல் விடும் அதே குரல்!

வாசலோரம் நின்றிருந்த விளையாட்டு சார், பதறிப்போய் நிஜமாகவே கதவை 'டமார்' என்று சாத்தினார். பொத்தானின் கால்கள் தானாகத் துள்ளின. பஞ்சு பறந்தது. 'டர்ர்ர்ர்' என்று உறிஞ்சான் எழுந்தான். அரங்கமே வெடித்துச் சிரித்தது. அதற்குப் பிறகு யாருக்கும் கூச்சமில்லை. தேவையில்லாத இடங்களில்கூட எல்லாரும் "கதவச் சாத்துடா!" என்று கத்தினார்கள். பொத்தான் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கினான். கொஞ்சம் அதிகமாகவே தூக்கினான்.

உறிஞ்சான் மட்டும் ஆடிக்கொண்டே மூன்றாவது வரிசையைப் பார்த்தான். அங்கே மாமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில், கைப்பையை மார்போடு அணைத்தபடி, முகம் சிவக்க நின்றுகொண்டிருந்தாள் அம்மா.

வீட்டுக்கு நடந்து போகும்போது ரிமோட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. பொத்தானை அவன் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போன காட்சி இன்னும் கண்ணுக்குள் இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம் பக்கத்தில் நடந்துவந்துகொண்டிருந்தது.

"அம்மா, நீயா? அது நீயா?"

"மெதுவா பேசு. ரோட்ல எல்லாரும் பாக்கறாங்க."

"என்கிட்ட சத்தியம் வாங்கினதே இவங்கதான்" என்றார் மாமா. "லைப்ரரில தெரிஞ்சா 'சத்தம் போடாதீங்க'ன்னு எப்படிச் சொல்றதுன்னு பயம்."

"இனிமே தைரியமா சொல்லலாம்மா. கேக்கலன்னா இந்தக் குரலைக் காட்டு!"

அம்மா சிரித்தாள். மாமா மட்டும் தலையைச் சொறிந்தார்.

"என்ன இருந்தாலும் அக்கா, அன்னிக்கு நான் கதவ ஒழுங்கா சாத்தியிருந்தா நீ தொண்டைத்தண்ணி வத்தக் கத்தியிருக்க வேண்டாம். இத்தனை வருஷமா அது எனக்கு ஒரு குறைதான்."

"அதை விடுங்க மாமா. அம்மா, கதவு வழியா என்னதான் வந்துச்சு? நாயா, மழையா? எல்லாரும் கேக்கறாங்கம்மா!"

அம்மா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு நின்றாள்.

"உங்க மாமா பதிவு பண்ணினதுக்கு முந்தின வாரமும் அந்தப் பாட்டு டிவியில வந்துச்சு. பாட்டு முழுக்க எனக்கு மனப்பாடம். நானும் கூடப் பாடறேன்னேன். உங்க மாமா விடல. 'மூச்சுகூட விடாதே, உன் குரல் கேசட்ல வரவே கூடாது'ன்னான்."

"அதுக்கு?"

"அதுக்கு, எந்த இடத்துல பாட்டு நிக்கும்னு எனக்குத் தெரியுமே. காத்துட்டே இருந்தேன்."

"அப்போ கதவு?" என்று ரிமோட்டும் மாமாவும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அம்மா குனிந்து, நூலகத்துக் குரலில் சொன்னாள்.

"சாத்தித்தான் இருந்துச்சு."