சொந்தக் கால்

2083 மார்ச் 16, செவ்வாய்க்கிழமை அதிகாலை ஐந்தேகால் மணிக்கு, பல்லடத்துக்குத் தெற்கே உள்ள கால்வளர்ப்புக் குடியிருப்பின் நான்காவது வீதியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், அவரவர் வீட்டுக்குள், சுவரில் முதுகைச் சாய்த்து இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

அவர்களில் நிவேதிகாவும் ஒருத்தி. வயது நாற்பத்தெட்டு. தொண்ணூறு எண்ணும்வரை அப்படியே இருக்க வேண்டும். பிறகு நாற்பது பஸ்கி, இருபது தோப்புக்கரணம், மறுபடியும் சுவர். இப்படி எட்டுச் சுற்று. கணுக்காலில் பூட்டியிருந்த வளையம் எல்லாவற்றையும் எண்ணி நிறுவனத்துக்குச் சொல்லிவிடும். ஒரு சுற்று குறைந்தாலும் சிவப்பாக எரியும். இருபத்தோரு ஆண்டுகளில் அவள் வளையம் மூன்று முறை சிவப்பானது. மூன்றும் அவள் கணவர் இறந்த வாரத்தில்.

அவள் இப்போது பலப்படுத்திக்கொண்டிருந்த தசை அவளுடையது அல்ல.

ஆய்வகத்தில் தசை வளர்ப்பது அப்போதே பழைய செய்தி. ஒரு சொட்டு ரத்தத்திலிருந்து ஒரு மாதத்தில் கைக்குட்டை அளவு தசையை எடுத்துவிடலாம். ஆனால் தொட்டியில் வளர்ந்த தசை பாலில் ஊறிய ரொட்டியைப் போல இருந்தது. தொடையில் வைத்துத் தைத்தால் முதல் மாடிப்படியிலேயே கிழிந்தது. மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள். இயந்திரக் கைகளால் இழுத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒன்று புரிந்தது. இனி முடியாது என்று உடம்பு சொன்ன பிறகும், இன்னும் ஒன்று என்று ஒரு மனம் சொல்ல வேண்டும். அந்த இன்னும் ஒன்றில்தான் தசை முறுக்கேறுகிறது. அந்த மனத்தைத் தொட்டியில் வளர்க்க யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே வாடிக்கையாளரின் அணுக்களில் முளைத்த தசையை, அதன் பெயர் நாற்று, வேறொருவர் தொடையில் நட்டார்கள். அவர் வீட்டிலிருந்தபடியே நூறு நாள் உடற்பயிற்சி செய்வார். நூற்றோராம் நாள் அறுவடை. முற்றிய தசை வாடிக்கையாளரின் காலுக்குப் போகும். நாற்றின் வேர் வளர்ப்பவரின் சதையோடு பின்னிக்கொள்வதால், அறுக்கும்போது அதிலும் கொஞ்சம் போகும். ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் வளர்ப்பவர் மூன்று வாரம் வீட்டுக்குள் தவழ்வார். பிறகு எழுந்து நடப்பார், முன்பைவிடக் கொஞ்சம் மெதுவாக.

ஒப்பந்தம் இருபத்து நான்கு அறுவடை. அதற்கு வசிக்க வீடு. முடிவில், வளர்ப்பவரின் சொந்த அணுக்களில் முளைத்த ஒரு நாற்று இலவசம். குடியிருப்பின் வாசலில் வளைவாக எழுதியிருந்தது: 'சொந்தக் காலில் நில்லுங்கள்.' குடியிருப்பு தொடங்கிய ஆண்டிலேயே, இருபத்தேழு வயதில் சேர்ந்தவள் நிவேதிகா. இது அவளுடைய இருபத்து நான்காவது நாற்று. எழுபத்தெட்டாவது நாள். அந்த எண்ணிக்கையை எட்டப்போகிற முதல் ஆள் அவள்தான்.

ஏழு மணிக்கு நடவாளர் கௌஷிக் நாடாவோடு வந்தான். வாரம் ஒருமுறை வந்து தொடையை அளப்பது அவன் வேலை.

"நாப்பத்தொம்பது. கல்லாட்டம் இருக்குதுங்க்கா" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இது யாருக்குன்னு சொல்லக்கூடாது. ஆனாச் சொல்றேன். வாடிக்கையாளர் எழுநூத்தி எழுவத்து நாலு."

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான். உங்க கால்லருந்து மட்டும் அஞ்சாவது."

"முன்ன குடுத்ததெல்லாம் என்னங்க ஆச்சு? எங்கியாவது தொலைச்சுப்புட்டாரா?"

"தொலைக்கல. உக்காந்துட்டாரு." கௌஷிக் நாடாவைச் சுருட்டினான். "நட்டுக் குடுத்தாப் போதாதுங்க்கா. தெனம் நாப்பது நிமிசம் வீட்லயே எதாச்சும் செய்யோணும். எட்டு மாசம் சும்மா கெடந்தா வத்திப் போயிரும். கேட்டதுக்கு மொதல்ல குளிருன்னாராம். பொறவு வீட்ல கல்யாணம்னாராம். பொறவு முட்டி லேசாப் புடிக்குதுன்னாராம். எல்லாம் முடிஞ்சு, திங்கக்கெழமையிலிருந்து கண்டிப்பா ஆரம்பிக்கறேன்னாராம்."

அடுப்படியிலிருந்து நிவேதிகாவின் மகள் சாரல் எட்டிப் பார்த்தாள். பத்தொன்பது வயது. "எந்தத் திங்கக்கெழமைன்னு கேட்டீங்களாண்ணா?"

மூவரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த ஆளுக்கு அந்த வீட்டில் திங்கக்கிழமையார் என்று பெயர். பால் பொங்கி வழிந்தாலும், குழாய் ஒழுகினாலும் சாரல், "திங்கக்கெழமையாரு பாத்துக்குவாரு, உடு" என்பாள்.

நிவேதிகாவும் சிரித்தாள். ஆனால் அடுத்த நாள் சுவரில் சாய்ந்து எழுபது, எழுபத்தொன்று என்று எண்ணும்போது அந்த ஆள்தான் நினைவுக்கு வந்தார். ஒரு மனிதனுக்குக் கால் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருக்க முடியும்? தனக்கு மட்டும் அப்படி ஒன்று கிடைத்தால் ஒரு நாள்கூட வீணாக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு தொண்ணூறுக்கு மேல் இன்னும் ஒன்று எண்ணினாள்.

சாரலுக்குக் கேதனூர் காற்றாலைகளில் ஏறிப் பழுதுபார்க்கும் வேலைக்குப் போக ஆசை. நூற்று நாற்பது மீட்டர் ஏணி. ஆடிக் காற்றில் உச்சியில் நின்றால் கோபுரமே தொட்டில் மாதிரி அசையும் என்பாள். ஆள் எடுப்பதில் ஒரு விதி உண்டு. காலில் ஒருமுறை அறுவடை ஆனவரைச் சேர்ப்பார்கள். இரண்டு முறை ஆனவரைச் சேர்க்க மாட்டார்கள். மகள் காலில் ஒரு தையல்கூட விழக்கூடாது என்பதுதான் நிவேதிகாவின் பத்தொன்பது ஆண்டுக் கணக்கு.

ஏப்ரல் எட்டாம் தேதி இருபத்து நான்காவது அறுவடை முடிந்தது. இந்த முறை மூன்று வாரம் கழிந்தும் அவளால் எழ முடியவில்லை. போர்வைக்கு அடியில் தொடைகள் இரண்டும் மடித்து வைத்த துண்டுகளைப் போலத் தட்டையாகக் கிடந்தன. அவள் கவலைப்படவில்லை. சொந்த நாற்று வரப்போகிறதே.

கௌஷிக் வந்தான். "அக்கா, உங்க நாத்து தயாரா இருக்குதுங்க. எந்த வீட்டுக்கு அனுப்பறது?"

"எந்த வீட்டுக்குன்னா? என்ற வீட்டுக்குத்தான்."

அவன் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "உங்க கால்ல நட முடியாதுங்க்கா. நாத்து வளரோணும்னா பக்கத்துல சேந்து இழுக்கறதுக்குச் சதை வேணும். உங்களுக்கு அது இல்லீங்க. நீங்கதான் குடுத்துட்டீங்களே."

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். நாற்று இலவசம் என்றுதான் இருந்தது. அதை யார் காலில் வளர்ப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த வரியை அவள் நூறு முறையாவது படித்திருப்பாள். கேட்கத் தோன்றவில்லை. வீதியில் மற்ற எல்லாருடைய தொடையிலும் வாடிக்கையாளர்களின் நாற்று இருந்தது; இன்னொன்றுக்கு இடமில்லை.

"என்ற கால் சும்மாத்தான இருக்குது" என்றாள் சாரல்.

"வேண்டாம் சாமி. அது மட்டும் வேண்டாம்."

"ஒரே ஒரு நடவும்மா. ஒண்ணுன்னா காத்தாலைக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"ஒண்ணுதான?"

"ஒண்ணுதான். உனக்கெதுக்கு ரெண்டு? நீ என்ன திங்கக்கெழமையாரா?"

மே 3 அன்று சாரலின் தொடைகளில் நாற்று நட்டார்கள். கணுக்காலில் வளையம் பூட்டினார்கள். மறுநாள் ஐந்தேகாலுக்கு அவள் சுவரில் சாய்ந்தாள்.

நிவேதிகா பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்து நான்கு முறை தானே செய்த வேலைதான். வெளியிலிருந்து அதைப் பார்த்ததில்லை. அறுபதாவது நாள், ஏழாவது சுற்றில், சாரல் சுவரோடு சரிந்து தரையில் விழுந்தாள். தவழ்ந்துபோய்க் குளியலறையில் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்து, மறுபடியும் சுவரில் சாய்ந்தாள். வளையம் சிவப்பாகவில்லை. நிவேதிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதை வீணாக்கினால் நான் மனுசியே இல்லை என்று அன்று சத்தமாகவே சொன்னாள்.

"செரி செரி, டயலாக் பேசாம எண்ணிச் சொல்லு. நாப்பத்து ரெண்டா, நாப்பத்து மூணா?" என்றாள் சாரல், மூச்சு வாங்க.

ஆகஸ்டில் தசை மகள் காலிலிருந்து அம்மாவின் காலுக்கு மாறியது. செப்டம்பர் நடுவில் நிவேதிகா மருத்துவமனையிலிருந்து திரும்பினாள். வாசல் வளைவிலிருந்து வீடு வரை நடந்தே வந்தாள். வீதிக்காரர்கள் கதவுகளில் நின்று பார்த்தார்கள். சிலர் கைதட்டினார்கள். சாரல் அம்மாவுக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள்.

கௌஷிக் ஒரு படிச்சக்கரத்தைக் கொண்டுவந்து சன்னலோரம் பொருத்தினான். கைப்பிடியும் சுழலும் படிகளும் கொண்ட சின்ன இயந்திரம். ஓர் அட்டையைக் கொடுத்தான். தினம் நாற்பது நிமிடம் என்று அதில் எழுதியிருந்தது.

"வளையம் எங்கீங்க?" என்று காலை நீட்டினாள் நிவேதிகா.

"வளையம் வளக்கறவங்களுக்குத்தானுங்க்கா. வாங்குனவங்களுக்குக் கெடையாது. நீங்க இப்ப வாடிக்கையாளர். இனி உங்களை மேடம்னு கூப்பிடோணும்."

மறுநாள் ஐந்தேகாலுக்கு வீதியின் மணி அடித்தது. பழக்கத்தில் கண் விழித்தாள். கணுக்காலைத் தடவிப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது. சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டு ஆள் மூச்சடக்கி எண்ணுவது கேட்டது. இருபத்தோரு ஆண்டுகளில் முதல்முறையாக அவள் புரண்டு படுத்தாள். ஏழரை மணிக்கு முகத்தில் வெயில் விழுந்தபோதுதான் எழுந்தாள். அவ்வளவு நல்ல தூக்கத்தை அவள் அறிந்ததில்லை. ஒரு நாள்தானே என்று நினைத்தாள். அதில் தவறும் இல்லை.

முதல் இரண்டு வாரம் பத்து நாளாவது படிச்சக்கரத்தில் ஏறினாள். அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. கொடியில் துணி காயவில்லை. படிச்சக்கரத்தின் கைப்பிடி கைக்கு வாகாக இருந்தது. முதலில் ஒரு துண்டு, பிறகு சாரலின் சட்டைகள், பிறகு சேலை. நவம்பரில் உடுமலையில் சித்தி மகனுக்குக் கல்யாணம். நான்கு நாள் போய் இருந்தார்கள். டிசம்பரில் காலையில் எழ முடியாத பனி. தினமும் கடைவரை நடக்கிறேனே, அதுவே போதாதா என்றும் தோன்றியது.

ஜனவரியில் சாரலுக்குக் கேதனூரிலிருந்து கடிதம் வந்தது. பதினெட்டுப் பேரில் அவளும் ஒருத்தி. பயிற்சி ஜூன் முதல் தேதி தொடக்கம். அன்று பாயசம் வைத்தார்கள். டம்ளரோடு உட்கார்ந்த சாரல் அம்மாவின் காலையே பார்த்தாள்.

"மெலிஞ்சிருக்கும்மா."

"போடி. இருவத்தோரு வருசம் செஞ்சிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"அது அடுத்தவங்களுக்கு."

"முட்டி லேசாப் புடிக்குது கண்ணு. அது உடட்டும். திங்கக்கெழமையிலிருந்து ஆரம்பிக்கறேன்."

சாரல் சிரிப்பதற்குத் தயாராக அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நிவேதிகா வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தான் என்ன சொன்னோம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. பாயசத்தில் முந்திரியைத் தேடிக்கொண்டிருந்தாள். சாரல் டம்ளரைக் கீழே வைத்தாள்.

அதன் பிறகு காலையில் எழுப்பிப் பார்த்தாள். காயும் துணிகளை அள்ளி எறிந்து பார்த்தாள். ஒரு வாரம் நடக்கும், மறுவாரம் நின்றுபோகும். "எண்ணறதுக்கு ஆளில்லாம வர மாட்டேங்குது" என்றாள் நிவேதிகா ஒருநாள், தனக்கே புரியாத ஒன்றைச் சொல்வது போல.

மே மாதம் எட்டாம் தேதி, அடுப்படி வாசற்படியைத் தாண்டும்போது அவள் கால்கள் இரண்டும் மடங்கின. பிறகு நிமிரவில்லை.

கௌஷிக் நாடாவோடு வந்தான். "முப்பத்தாறு" என்றான். இரண்டாவது முறை அளந்தான். அதே முப்பத்தாறு. "முப்பது நாளுக்குள்ள புதுசு நடோணும்னு பதிஞ்சிரோணுமுங்க. இல்லீன்னா நரம்பு முனை மூடிக்கும். பொறவு எத்தன நாத்து வெச்சாலும் புடிக்காது."

வெளியே வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. கௌஷிக் படிவத்தைத் திறந்தான்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க்கா. என்னன்னு எழுதட்டும்?"

"குளிருன்னு எழுதுங்கண்ணா" என்றாள் சாரல்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் 'பயன்படுத்தாமை' என்று எழுதினான். அந்தக் கட்டத்தில் அவன் வழக்கமாக எழுதும் சொல் அதுதான். அடுத்த கட்டம், வளர்ப்பவர் பெயர். அவன் நிமிர்ந்து யாரையும் பார்க்காமல் காத்திருந்தான்.

வேண்டாம் என்று நிவேதிகா ஒருமுறை சொன்னாள். இரண்டாவது முறை சொல்லவில்லை.

2084 ஜூன் 1, வியாழக்கிழமை, கேதனூரில் காற்றாலைப் பயிற்சி வகுப்பு பதினேழு பேருடன் தொடங்கியது. அன்று அதிகாலை ஐந்தேகால் மணிக்கு, கால்வளர்ப்புக் குடியிருப்பின் நான்காவது வீதியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள்.