சன்னல் திட்டில் ஒரு தீப்பெட்டி

2000 ஜூலை. புதன்கிழமை, காலை ஒன்பது மணி. தங்கச் சுரங்க ஊரான கோரமண்டல்.

இரும்பு பீரோ திறந்து கிடந்தது. ரைஃபிள் இல்லை. தோட்டாப் பெட்டி மட்டும் கீழ்த்தட்டில் அப்படியே இருந்தது.

பியாட்ரிஸ் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றார். பெங்களூரில் விமானக் கம்பெனியின் கடைசிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு அப்போதுதான் ரயிலில் வந்து இறங்கியிருந்தார். சனிக்கிழமை சென்னையிலிருந்து பெர்த்துக்கு விமானம். அங்கே மகளுக்கு எட்டாம் மாதம்.

சப்-இன்ஸ்பெக்டர் சம்பங்கி கான்ஸ்டபிள் கோவிந்தனோடு வந்தார். சம்பங்கி நந்திதுர்க் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்து, இருமியே செத்தவர்.

"துப்பாக்கி யாருது?"

"என் ஹஸ்பெண்டோடது சார். பன்னி வேட்டைக்கு வச்சிருந்தார். அவர் போனப்புறம் லைசென்ஸ் என் பேர்ல."

"வித்துட்டுப் போயிருக்கலாமே?"

"எல்லாரும் அதத்தான் சொன்னாங்க. சாகறதுக்கு முந்தின நாள்கூட அதுக்கு எண்ணெய் போட்டார் சார். எப்படி விக்கிறது? டில்லில கேட்டா, பெர்த் போலீஸ் பர்மிஷன் கொண்டாங்கறான். பெர்த்ல கேட்டா, டில்லி பர்மிஷன் எங்கங்கறான். ரெண்டும் கிடைச்சா, ஏரோப்ளேன்ல ஏத்த மாட்டேங்கறான். ஒரு வருஷத்துக்கு மேல அலைஞ்சு, இப்போதான் கடைசிப் பேப்பர் கிடைச்சுது."

"இப்போ எல்லாப் பேப்பரும் இருக்குது. துப்பாக்கிதான் இல்ல."

பியாட்ரிஸ் சிரிக்கவில்லை. "என்னைப் போக விடுவீங்களா?"

சம்பங்கி திறந்து கிடந்த பீரோவைப் பார்த்தார். லைசென்ஸ் துப்பாக்கி தொலைந்தால் முதல் கேள்வி லைசென்ஸ்காரருக்குத்தான். அது கிடைக்கும்வரை இந்த அம்மாள் ஊரைவிட்டு நகர முடியாது. சம்பங்கிக்கு வேறொரு பயமும் இருந்தது. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சில் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஊரில் எவன் கையிலோ இப்போது ஒரு ரைஃபிள்.

வீட்டைச் சுற்றி வந்தார். பின்கதவைச் சாவி போட்டுத் திறந்திருந்தார்கள். முன்கதவின் உள்தாழ்ப்பாள் நீக்கியிருந்தது, கதவு வெறுமனே சாத்தியிருந்தது. முன்தோட்டத்தில் புதிதாக நட்ட கிரோட்டன்ஸ் வரிசை தாறுமாறாகச் சாய்ந்து நின்றது. பின்பக்கச் சன்னல் திட்டில் ஒரு தீப்பெட்டியும் பீடிக்கட்டும். திட்டு ஈரமாக இருந்தது. தீப்பெட்டியின் மேல்பக்கத்தில் ஒரு துளி படவில்லை.

"உங்களுதா?"

"எங்க வீட்ல லைட்டர்தான்."

"மழை எப்போ விட்டுச்சு?"

"ராத்திரி எட்டுக்கு சார்," என்றார் கோவிந்தன். "கரண்ட் அதுக்கு முன்னாடியே போச்சு. விடிஞ்சப்புறம்தான் வந்துச்சு. திருடன் இங்க நின்னு பீடி குடிச்சிருப்பான்."

"குடிக்கட்டும். கும்மிருட்டு வீட்டுக்குள்ள பூர்றவன், தீப்பெட்டிய வெளில வச்சிட்டு இன்னாத்துக்குப் போறான்?"

சாவிகளைப் பற்றிப் பியாட்ரிஸிடம் கேட்டார்கள்.

பின்கதவின் மாற்றுச் சாவி பூந்தொட்டிக்கு அடியில். பீரோ சாவி அரிசி டின்னில். பியாட்ரிஸைத் தவிர இரண்டு பேருக்குத்தான் இது தெரியும்: கொழுந்தன் டேவிட், தோட்டவேலை பார்க்கும் நேசமணி.

"நேசமணி பையன் பிரதாப் வேற, சுரங்கத்துல வேலை பார்க்கறவன், நான் பெங்களூர் கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு நாளா கேட்டைப் புடிச்சிகினு நின்னான்," என்றார் பியாட்ரிஸ். "என்னப்பான்னா பேச மாட்டேங்கறான். அவன் கண்ணப் பார்த்தா பயமா இருக்கு சார்."

சம்பங்கி தோட்டாப் பெட்டியை ஹால் மேசைமேல் திறந்து வைத்தார். ஒவ்வொருவராகக் கூப்பிடச் சொன்னார்.

டேவிட் வாயில் சிகரெட்டோடு வந்தார்.

"அண்ணன் துப்பாக்கி எங்க குடும்பத்துது. அத ப்ளேன் ஏத்தணும்னு இவங்களுக்குக் கிறுக்கு."

"அதனால தூக்கிட்டீங்க?"

"ராத்திரி பங்காருபேட்டைல கல்யாணம் சார். குடிச்சிட்டுப் பந்தல்லயே விழுந்து கெடந்தேன். பொண்ணு மாப்பிள்ளையவிட என்னத்தான் நிறைய பேர் பார்த்தாங்க." பெட்டிக்குப் பக்கத்திலேயே சாம்பலைத் தட்டினார்.

"போங்க."

அடுத்து நேசமணி. விரல் நகங்களில் செம்மண். வாசலில் நின்று மேசையைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து புதுத் தீப்பெட்டியை எடுத்து வராந்தாச் சுவரில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"பெரியவரே, ரிடையர் ஆகறதுக்கு முன்னாடி எங்க வேலை?"

"மேகசின்ல சார். வெடிமருந்துக் கிடங்கு. முப்பது வருஷம்."

"எங்கப்பாரு சொல்லுவாரு. மேகசின் வாசல்லயே தீப்பெட்டியக் கழட்டி வச்சிடணும், மறந்தா வேலை போயிடும்னு." சம்பங்கி வராந்தாவைக் காட்டினார். "இப்போ இன்னா பண்ணீங்க?"

நேசமணி திரும்பிப் பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

"ராத்திரியும் அதயேதான் பண்ணீங்க. பீரோவுல தோட்டா இருக்குதே. டேவிட்டுக்கு அந்தப் பழக்கம் இல்ல, பக்கத்துலயே சாம்பல் தட்டறாரு. உங்களுக்கு வெளிச்சமும் வேணாம், தடவினாலே வீடு தெரியும். திரும்பி வர்றப்போ பின்பக்கம் யாரோ வந்துட்டான். முன்கதவத் தொறந்துகினு ஓடினீங்க. தீப்பெட்டி அங்கயே தங்கிப்போச்சு. தோட்டாவ விட்டுட்டுத் துப்பாக்கிய மட்டும் எடுத்தவன் சுடறதுக்கு எடுக்கல. யாருக்குப் பயந்து எடுத்தீங்க?"

நேசமணி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் புள்ளைக்கு சார். அம்மா வீட்டுச் சாவி எங்க, சாவி எங்கன்னு கேட்டுகினே இருந்தான். ராத்திரி பின்கதவுல வந்து நின்னதும் அவன்தான். அந்தச் செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"எங்க கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"பெத்தவன் எப்படி சார் சொல்லுவான்?"

பியாட்ரிஸின் குரல் உடைந்தது. "என்னை உள்ள வச்சிருப்பாங்களே, நேசமணி!"

"அது தோணலம்மா. சனிக்கிழமை கார் வந்ததும் தோண்டி எடுத்துக் குடுத்துடலாம்னு…"

கிரோட்டன்ஸைப் பிடுங்கினார்கள். தார்ப்பாயில் சுற்றிய ரைஃபிள் முழங்கை ஆழத்தில் கிடந்தது.

"புகார் எழுதிக் குடுத்தீங்கன்னா கேஸ்," என்று பியாட்ரிஸிடம் சொன்னார் சம்பங்கி. "கேஸ் ஆனா இது கோர்ட்டுச் சாமான். வருஷக்கணக்குல அங்கயே துருப்புடிக்கும். நீங்க சாட்சி."

பியாட்ரிஸ் மண் ஒட்டிய ரைஃபிளைப் பார்த்தார். பிறகு நேசமணியை.

"என் வீட்ல எதுவும் காணாமப் போவல சார்."

"அப்போ சனிக்கிழமை வரைக்கும் ஸ்டேஷன்ல இருக்கட்டும். நானே கார்ல ஏத்தறேன்."

கேட்டுக்கு வெளியே பிரதாப் நின்றிருந்தான். சம்பங்கி பார்த்ததும் ஓடவில்லை. கம்பியைப் பிடித்த பிடி விடாமல் ரைஃபிளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோவிந்தன் அவனை நோக்கி நடந்தார்.

சம்பங்கி குரலைத் தாழ்த்தினார். "யாரச் சுடணுமாம் பெரியவரே? மேனேஜரையா?"

நேசமணி இல்லையென்று தலையை ஆட்டினார்.

"யாரச் சுட்டா சுரங்க ஷாஃப்ட மூட மாட்டாங்கன்னு அவனுக்கே தெரியல சார். என்கிட்டத்தான் கேட்டான்."