முதுகு சாயும் சுவர்

வேலை முடிந்ததும் எல்லோரும் வழக்கம்போலச் சுவரோரம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். நயினாரும் சட்டையை உயர்த்தி, முதுகில் பதிந்திருந்த உலோக வட்டைச் சுவரில் ஒட்டினான். மெல்ல ரீங்காரம் எழுந்தது. அப்பாடா, இன்றைக்கும் ஏறுகிறது.

இந்த உப்புவெளியில் இரவின் வெக்கையே ஆளைக் கொன்றுவிடும். உடம்பைக் குளிர்விக்க நெஞ்சுக்குள் வைத்த 'குளிர்த்தி'க் கருவிதான் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. அதன் மின்கலம் ஒரு நாள்தான் தாங்கும்.

கைபேசியில் தம்பி இசக்கியின் குரல். திருநெல்வேலியில், ஏஜென்ட் ஆபீஸில் இருந்தான். இதே கம்பெனி வேலைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. இனிப் பின்வாங்க முடியாது.

“அண்ணே, ரெண்டு பேட்டரி காட்டுதாங்க. சார்ஜ் ஏத்துறதுன்னா இனாம், பத்து வருசம் ஓடும். இன்னொண்ணு யூஸ் அண்ட் த்ரோ. ரெண்டு வருசத்துல தீந்துரும், திரும்ப நெஞ்சக் கிழிக்கணும். அத எந்தக் கிறுக்கன் வாங்குவான்?”

“அவசரப்படாதல.”

“ஏன், தம்பி வந்தா சோத்துல பங்கு கேப்பான்னு பயமா?”

நயினாருக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம், உடன் வேலை பார்த்த மாடசாமி, ஊருக்குப் போகணும் என்று மேலாளரிடம் அடம்பிடித்தான். அன்று மாலை சுவர் அவனுக்கு மட்டும் ரீங்கரிக்கவில்லை. இடம் மாறி மாறி முதுகை ஒட்டிப் பார்த்தான். விடிந்தபோது அவன் பாய் காலி. மின்கலம் பழுது என்றார்கள். இதைத் தம்பியிடம் சொல்லவும் வழியில்லை. கைபேசிப் பேச்செல்லாம் கம்பெனி வழியாகத்தான் போகிறது.

“நர்ஸம்மா கூப்பிடுதாங்க, வைக்கட்டா?”

நயினார் கைபேசியை வாயோடு ஒட்டிப் பிடித்தான்.

“எலே, யூஸ் அண்ட் த்ரோவே போடு! ரெண்டு வருசம்னாலும் அது உன் நெஞ்சுக்குள்ள இருக்கு, எவனும் பிடுங்க முடியாது. இது கம்பெனிக்காரன் சுவத்துலல்லா இருக்கு!”

ரீங்காரம் நின்றது. இரண்டு பக்கமும் இருந்தவர்கள், அவன் முகத்தைப் பார்க்காமலே நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

“அண்ணே?”

“நர்ஸ்ட்ட சொல்லு மொதல்ல!”

இசக்கி நர்ஸிடம் சொல்வது தூரத்தில் கேட்டது.

“சொல்லிட்டேன், எழுதிக்கிட்டாங்க. அவ்வளவு நல்லதுன்னா நீயும் மாத்திக்கிட வேண்டியதுதானண்ணே?”

நயினாரின் முதுகில் வியர்வை இறங்கத் தொடங்கியது.

“மாத்திக்கிடுதேன்ல” என்றான்.