பக்கத்தில் இன்னொரு இலை

ஒரு இலைதான் போட வேண்டும். நீலா இரண்டு போட்டாள்.

பொங்கலன்று சாயங்காலம் செத்தவர்களுக்குப் படைப்பது அந்த வீட்டு வழக்கம். பிடித்த சாப்பாடு, புதுத்துணி எல்லாம் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே நிற்பார்கள். வந்தவர் சாப்பிட்டு முடித்திருப்பார் என்று தோன்றும்போது மூன்று தட்டு தட்டி உள்ளே போவார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாத புருஷன் பொன்னுரங்கத்துக்காக மூன்றாவது வருஷமாகப் படைக்கிறாள்.

போன வருஷம் ஒற்றை இலையைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்தாள். "ஐயோ பாவம், தனியாவா கீறே?" என்று நாற்பது பேர் கேட்டார்கள். ஒருத்தராவது வந்தார்களா? துபாயில் இருக்கும் மகன் நிதிஷ் ஒரு அழுகிற பொம்மை அனுப்பினான், அவ்வளவுதான். இந்த வருஷமும் காலையிலிருந்து ஃபோனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எல்லார் வீட்டிலும் கூட்டம், கரும்பு, சிரிப்பு. வயிறு எரிந்தது. அந்த 'ஐயோ பாவம்' மட்டும் இன்னொரு தடவை வேண்டாம் சாமி என்றுதான் பக்கத்தில் இன்னொரு இலை போட்டு, தனக்கு எடுத்த மஞ்சள் சேலையையும் மடித்து வைத்தாள். பார்க்கிறவர்களுக்கு வீட்டில் ஆள் இருப்பதுபோலத் தெரியட்டுமே. அரிசி டப்பாவில் ஃபோனைச் சாய்த்து, லைவ் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

எண்ணூர்ப் பக்கத்துப் புகையும் கருவாட்டு வாடையும் எங்கோ ஸ்பீக்கரில் அலறிய பாட்டும் கலந்து வந்த காற்றில், கதவிடுக்கு வழியாக வேறொரு வாடையும் மெல்லக் கசிந்தது. டீசலும் ஈர வலையும். அவன் சட்டை வாடை. நீலா கதவில் கன்னத்தை வைத்தாள்.

"வந்துட்டியா மாமா?"

உள்ளே மீன் முள் ஒடியும் சத்தம். தண்ணீர் குடிக்கும் சத்தம். அப்புறம் வளையல் சத்தம்.

நீலா தன் கைகளைப் பார்த்தாள். அவன் போனதிலிருந்து அவள் வளையல் போடுவதில்லை.

பக்கத்து வீட்டு அம்மு ஃபோனைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அம்மு, உள்ள யாரோ கீறாங்கடி!"

அம்மு நிமிரவே இல்லை. நீலா நின்ற அதே படியில் ஏறி, ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். "நீலாக்கா! மஞ்ச சேல சோக்கா கீது! யாரு வந்துகிறாங்க? ஒரு வார்த்த சொல்லவே இல்ல!"

நீலா எட்டி அவள் ஃபோனைப் பார்த்தாள்.

இரண்டு இலை. முதுகைக் காட்டி ஒரு ஆம்பளை. தலையிலிருந்து நீர் சொட்டியது. பக்கத்தில் நீலா. மஞ்சள் சேலை. வாய் நிறையச் சோறு. அடியிலிருந்து இதயங்கள் ஏறிக்கொண்டே இருந்தன. நிதிஷ்கூட எழுதியிருந்தான், "இப்பதான்மா நிம்மதியா கீது."

நீலா கதவைத் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

ஃபோனில் மஞ்சள் சேலைக்காரி கையை உதறி எழுந்தாள். கதவருகே வந்தாள்.

"இன்னும் துன்னு முடிக்கல," என்றது உள்ளிருந்து நீலாவின் குரல். "அடுத்த பொங்கலுக்கு வா. எல போட்டு வெக்கிறேன்."

தாழ்ப்பாள் விழுந்தது.