சுக்கராவில் ஓட்டை போடக் கூடாது

என் அப்பா வாரம் முழுவதும் டிராம் ஓட்டுவார். வெள்ளிக்கிழமை விடுமுறை வந்தால் தன்னுடைய காரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்புவார். அம்மா, தம்பி ஸியாத், நான், மூன்று பேரும் டிராமில் ஏறி அதே கடற்கரைக்குப் போவோம்.

சிரிக்காதீர்கள். எங்கள் தெருவே போதும் போதும் என்கிற அளவுக்குச் சிரித்தாகிவிட்டது. "ஜுமானா, இன்னிக்கு உங்க அப்பா ஜெயிச்சாரா, டிராம் ஜெயிச்சுதா?" என்று பேக்கரிக்காரர்கூட என்னைக் கேட்பார்.

காரின் பெயர் சுக்கரா. சர்க்கரைக்கட்டி என்று அர்த்தம். அப்பாவைவிட அதற்கு வயது அதிகம். அவர் வாங்கியபோது அதற்குள் யாரோ கோழி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஓய்வு நேரத்தில் எல்லாம் துருவைச் சுரண்டினார், தகரத்தை ஒட்டினார், இளம்பச்சை பெயின்ட் அடித்தார். இப்போது சுக்கரா அலெக்சாண்ட்ரியா கடற்கரைச் சாலையில் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அம்மா மட்டும் அதில் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். தீக்காயம் பட்டவர்களைக் கவனிக்கிற பிரிவு. அங்கே பார்த்ததை எங்களிடம் சொல்ல மாட்டார். ஆனால் அடுப்பை அணைத்த பிறகும் இரண்டு தடவை போய்ப் பார்ப்பார்.

"பழைய வண்டி, பெட்ரோல் குழாய் எப்போ ஒழுகும்னு யாருக்குத் தெரியும்?" என்றார் ஒருநாள் சாப்பிடும்போது.

"சட்டப்படி தீயணைக்கிற சிலிண்டர் வாங்கி டிக்கியில வெச்சிருக்கேனே இனாயாத்!" என்றார் அப்பா.

"டிக்கியிலயா? நெருப்பு வந்தா, 'கொஞ்சம் பொறு பாஷா, டிக்கியைத் திறந்துட்டு வந்துடறேன்'னு அதுகிட்ட சொல்வீங்களா?"

ஸியாத் வாய் நிறைய அவரைப் பருப்போடு சிரித்தான். பாதி மேசைமேல் விழுந்தது.

"சரி, இப்போ டிக்கியில இருக்கா? போய்ப் பாத்துட்டு வாங்க."

அப்பா எழுந்திருக்கவில்லை. இல்லை என்று அவருக்கே தெரியும். எங்கள் தெருவில் யாருக்காவது வண்டிச் சோதனை வந்தால், "லுத்ஃபி, ஒரு மணி நேரம் அந்த சிலிண்டரைக் குடேன்" என்று வந்து நிற்பார்கள். அப்பாவுக்கு இல்லை என்று சொல்லவே வராது. அன்றைக்கு அது மூன்றாம் மாடி மருந்துக்கடைக்காரரின் காரில் இருந்தது.

"உங்க டிராம்ல முழங்கைக்குப் பக்கத்துல சிவப்பா ஒண்ணு மாட்டியிருக்கே ஸியாத் அப்பா, அது என்ன அலங்காரமா?" என்றார் அம்மா. "அதே மாதிரி என் கை எட்டுற இடத்துல, ஆடாம அசையாம மாட்டுங்க. அன்னிக்கு நானே வந்து முன் சீட்டுல உக்காருறேன்."

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "வர்ற வசந்தத் திருநாளுக்கு நாம நாலு பேரும் சுக்கராவுலதான் பூங்காவுக்குப் போறோம்!" என்று மேசையைத் தட்டினார்.

மறுநாளே அப்பா பட்டறைக்காரர் ஷனூதா மாமாவைக் கூட்டிவந்தார். மாமா டிரில் மெஷினோடு வந்தார். அதைப் பார்த்ததும் அப்பா காரின் கதவை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ரெண்டே ரெண்டு ஓட்டை லுத்ஃபி! கொசு கடிச்ச மாதிரிகூட இருக்காது."

"போடறதுன்னா என் நெஞ்சுல போடு. சுக்கராவுல போடாதே."

"அட, ஓட்டை போடாம எப்படிய்யா மாட்டறது? எச்சில் தொட்டு ஒட்டவா?"

அப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஊரில் காற்றே உப்பு. தகரத்தில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் துரு உள்ளே புகுந்துவிடும். அந்தத் துருவோடு அப்பா எத்தனை நாள் மல்லுக்கட்டினார் என்று எனக்குத் தெரியும். ஷனூதா மாமா முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

அப்பா கடைக்குப் போய்க் காந்தம் வைத்த கிளாம்ப் ஒன்றை வாங்கிவந்தார். காரின் தரையில் வைத்தார். டப்பென்று ஒட்டிக்கொண்டது. மருந்துக்கடைக்காரரிடம் திரும்ப வாங்கிய சிலிண்டரை அதில் மாட்டி இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"பாத்தியா ஜுமானா! உங்க அப்பனுக்கு மூளை இருக்கு. வா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

தெருமுனை வேகத்தடைவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சுக்கரா அதன்மேல் ஏறிக் குதித்தது. காந்தம் பிடுங்கிக்கொண்டது. சிலிண்டர் உருண்டு உருண்டு அப்பாவின் காலடிக்குப் போய், பிரேக்குக்கு அடியில் செருகிக்கொண்டது. அப்பா பிரேக்கை மிதித்தார். அது இறங்கவே இல்லை. எதிரே அவரைப் பருப்பு விற்கிற தள்ளுவண்டி!

"அப்பா!" என்று கத்தினேன்.

அப்பா கைபிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். சுக்கரா அலறிக்கொண்டு தள்ளுவண்டியை உரசுகிற மாதிரி போய் நின்றது.

தள்ளுவண்டிக்காரர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பசிச்சா இறங்கி வந்து கேளு லுத்ஃபி! வண்டியோடவா வருவே?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் மாடியில் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கையில் ஈரச் சட்டை அப்படியே இருந்தது. அதைக் கொடியில் போடாமலே உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று சாயங்காலம் அப்பா காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். நானும் ஸியாத்தும் பின் சீட்டில் ஏறிக்கொண்டோம்.

"கெய்ரோவுல ஒருத்தர் சுக்கராவைக் கேட்டுட்டே இருக்கார். குடுத்துடலாம்னு பாக்கறேன்" என்றார் அப்பா.

"ஏம்ப்பா?"

"உங்கம்மா உக்காரணும்னுதான் இவ்வளவும் பண்ணேன். அவ பயந்துட்டு உக்காரவே முடியாத வண்டியில நான் மட்டும் எங்கே போறது, சொல்லு."

எனக்கு அழுகை வந்தது. சுக்கரா இல்லாத எங்கள் தெருவை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. அம்மாவின் மேலும் கோபப்பட முடியவில்லை. அவர் கேட்டது சரிதானே? அப்பாவும் சரி, அம்மாவும் சரி. இரண்டு பேரும் சரியாக இருந்தால் நான் யாரோடு சண்டை போடுவது?

அப்போது ஸியாத் உப்புக் கடலைக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டான். அவனுக்கு எந்த நேரத்தில் எதைக் கவிழ்ப்பது என்றே தெரியாது.

"ஒண்ணுகூட விடாம பொறுக்கிடு ஜுமானா. உப்பு ஆகாது" என்றார் அப்பா. விற்கப்போகிற காராக இருந்தாலும் அவர் அப்படித்தான்.

நான் கீழே படுத்து, முன் சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன். கடலைகள் சீட்டின் இரும்புக் கால்களுக்கு நடுவே சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு காலும் தரையோடு இறுக்கமாக முடுக்கப்பட்டிருந்தது.

"அப்பா, இந்த சீட்டு ஏன் விழ மாட்டேங்குது?"

"போல்ட் போட்டிருக்கு இல்லே?"

"போல்ட் போட ஓட்டை வேணுமே!"

"அது வண்டி செய்யும்போதே போட்ட ஓட்டைம்மா. பழசு."

"துரு பிடிக்கலையா?"

"போல்ட்டும் வாஷரும் அடைச்சுக்கிட்டு இருக்கே, எப்படிப் பிடிக்கும்?"

நான் தலையை வெளியே எடுத்தேன். முடியெல்லாம் கடலைத் தோல். "அப்போ அதே ஓட்டைதான் அப்பா! அந்த போல்ட்டைக் கழட்டி, ஒரு இரும்புப் பட்டையை வெச்சு, மறுபடி முடுக்கிடலாம். பட்டையில சிலிண்டரை மாட்டலாம். புதுசா ஓட்டை போடணும்னா பட்டையில போட்டுக்கலாமே, சுக்கராவுல எதுக்கு?"

அப்பா என்னையே பார்த்தார். பிறகு காரை விட்டு இறங்கி, "ஷனூதா! ஏய் ஷனூதா!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டு ஓடினார்.

"இரும்மா, இரு" என்றார் ஷனூதா மாமா, வந்ததும். "எந்த சீட்டுல? ஓட்டறவன் காலுக்கு முன்னால வெச்சுடலாமா?"

"வேண்டாம்" என்றேன். "அது அம்மாவுக்கு எட்டணும். இருங்க, அளந்துட்டு வரேன்."

வீட்டுக்குள் ஓடினேன். அம்மா இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சமையலறை நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"அம்மா, இதுல உக்காரு. கண்ணை மூடிக்கோ. குனியாம, எட்டிப் பாக்காம, இடது கையை அப்படியே தொங்கப் போடு."

"என்னடி இது புது விளையாட்டு? எனக்கு நேரமாச்சு."

"ஒரே நிமிஷம்மா."

அம்மாவின் கை நாற்காலியின் ஓரமாக இறங்கியது. விரல் நுனி எங்கே நிற்கிறது என்று நூலால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அம்மா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"கள்ளி! என்ன பண்றேன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

அந்த நூலை வைத்துத்தான் ஷனூதா மாமா பட்டையை வெட்டினார். எங்கள் ஊரில் ஓட்டுகிறவர் இடது பக்கம் உட்காருவார். அதனால் இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவில், அம்மாவின் இடது கைப் பக்கம், சீட்டு போல்ட்டுகள் இரண்டிலேயே பட்டை உட்கார்ந்தது. போல்ட் மட்டும் கொஞ்சம் நீளமாகப் போட வேண்டியிருந்தது. அடியில் அப்பா ரப்பர் வைத்தார். பட்டையில் ஓட்டை போடும்போது மாமா பாட்டே பாடினார்.

"ஒரு வழியா எனக்கும் ஓட்டை போட ஏதோ கிடைச்சுதப்பா!"

சிலிண்டரைக் கிளாம்பில் பூட்டி, வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். இம்மிகூட அசையவில்லை. ஆனால் பூட்டை ஒரு விரலால் தட்டினால் போதும், கையோடு வந்துவிடும்.

மருந்துக்கடைக்காரர் அந்த வழியாக வந்தார். "லுத்ஃபி, என் மச்சானுக்கு நாளைக்கு வண்டிச் சோதனை. ஒரு மணி நேரம்..."

அப்பா வாயைத் திறந்தார். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை.

"இது அம்மாவோடது மாமா" என்றேன் நான். "அம்மாகிட்டதான் கேக்கணும்."

"இனாயாத்கிட்டயா?" அவர் தலையைச் சொறிந்தார். "சரி சரி, நான் புதுசாவே ஒண்ணு வாங்கிக்கறேன்."

வசந்தத் திருநாள் காலையில் அம்மா இரவு வேலை முடிந்து நேராக வந்தார். நாங்கள் காரோடு வாசலில் நின்றோம். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தார், பெல்ட்டைப் போட்டார், கண்ணை மூடினார்.

"தீ!" என்று கத்தினான் ஸியாத்.

டக். சிலிண்டர் அம்மாவின் கையில்.

"இன்னொரு தடவை" என்றார் அம்மா.

"தீ!"

டக்.

அம்மா சிலிண்டரை மறுபடி பூட்டினார். காருக்குள் ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். "சரி. உப்பு மீன் பொட்டலம் எங்கே?"

"உப்பு மீனா? சுக்கராவுக்குள்ளயா?" அப்பா அலறினார். "நாத்தம் ஒரு மாசம் போகாது இனாயாத்!"

"திருநாளும் அதுவுமா உப்பு மீன் இல்லாமயா? அப்போ நான் டிராம்லயே போறேன்."

உப்பு மீன் உள்ளே வந்தது. நாங்களும் கிளம்பினோம்.

கடற்கரைச் சாலைக்கு வரும்வரை அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "அது என்ன சத்தம்?"

"கியர்."

"இது?"

"ஜன்னல் கண்ணாடி."

"இந்த கறுக் முறுக்?"

"ஸியாத் பச்சை வெங்காயம் தின்னறான்மா" என்றேன்.

அப்புறம் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கடல் நீலமாகப் பளபளத்தது. காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. நான் முன்னால் எட்டிப் பார்த்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்! பஸ்ஸிலோ டாக்ஸியிலோ அம்மா தூங்கி நான் பார்த்ததே கிடையாது. வாய் லேசாகத் திறந்திருந்தது. இடது கை சிலிண்டர்மேல் கிடந்தது.

அப்பாவும் பார்த்தார். வண்டியை இன்னும் மெதுவாக்கினார். பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அப்பா கையை வெளியே நீட்டி 'போ, போ' என்று காட்டினார். முந்திப்போன டிரைவர் திட்டுவதற்கென்றே குனிந்து உள்ளே பார்த்தார். அம்மாவைப் பார்த்ததும் சிரித்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

பூங்கா வாசல் வந்தது. அப்பா நிறுத்தவில்லை.

"அப்பா, பூங்கா போ..." என்று ஸியாத் ஆரம்பித்தான். நான் அவன் வாயைப் பொத்தினேன்.

கடற்கரைச் சாலையின் கடைசிவரை போனோம். திரும்பினோம். மறுபடி பூங்கா வந்தது. மறுபடி தாண்டினோம். நானும் ஸியாத்தும் வண்ணம் பூசிய முட்டைகளைச் சத்தம் வராமல் விரலாலேயே அமுக்கி உடைத்துத் தின்றோம். உப்பு மீன் நாற்றம் தாங்க முடியவில்லை. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை திரும்பும்போது நான் அவர் காதோடு கேட்டேன்.

"அப்பா, பெட்ரோல் இருக்கா?"

"இருக்கு" என்றார் அப்பா மெதுவாக. "அம்மா எழுந்திருக்கிற வரைக்கும் இருக்கு."